அத்தியாயம் 7: இரண்டரை மணிக்குப் பிறகு

சுவிஸ் உணவகச் சமையலறையில் மதியம் இரண்டரை மணிக்கு ஓர் அமைதி வரும். கடைசித் தட்டு போய்விட்டது, அடுப்பைத் துடைத்தாயிற்று. மாலைச் சாப்பாட்டுக்கு வெட்டுகிற வேலை ஐந்து மணிக்குத்தான் தொடங்கும். காலையும் மாலையுமாகப் பிளந்து கிடக்கும் வேலைநாளின் இந்த நடுத்துண்டுக்கு டொச், அதாவது ஜெர்மன், மொழியில் ட்சிம்மர்ஷ்டுண்ட என்று பெயர். 'அறை நேரம்' என்று சொல்லலாம். வீட்டுக்குப் போய்வரக் காணாது, சும்மா இருந்தாலோ முடியாமல் நீளும். எனக்குத் தெரிந்த அண்ணர் ஒருவர், லுசேர்ன் பக்கத்து உணவகமொன்றில் வேலை செய்தவர், இருபத்தைந்து வருடம் அந்த நேரத்தில் படுத்துத்தான் எழும்பினார். 2016இல் ஒருநாள் ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உடைமாற்றும் அறையின் வாங்கில் போய் இருந்தார். அப்போது அவருக்கு வயது 49.

1991இல் வந்தவர். 1980களின் தொடக்கத்திலிருந்து இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்களும் அவர்கள் பிள்ளைகளுமாக இன்று சுவிஸில் சுமார் 50,000 பேர் இருக்கிறார்கள். வந்த தலைமுறைக்குக் கிடைத்த கதவுகள் சில: உணவகச் சமையலறை, மருத்துவமனைத் துப்புரவு, முதியோர் இல்லம். இவரும் கோப்பை கழுவுவதில் தொடங்கினார். பிறகு சலாட், பிறகு காய்கறி வெட்டு, பிறகு சாஸ். பதினைந்தாவது வருடத்தில் தலைமைச் சமையல்காரர் லீவு எடுத்தால் அந்த அடுப்பில் நிற்பவர் இவர்தான்.

பிறகு கடை கைமாறியது. புதிய நிர்வாகம் ஊழியர் பட்டியலைப் புதிதாக எழுதியது. சுவிஸின் உணவக, விடுதித் துறைக்கு நாடு முழுவதற்குமான ஒரு கூட்டுத் தொழில் ஒப்பந்தம் உண்டு. ஆகக்குறைந்த சம்பளத்தை அது படிப்படியாக வகுக்கிறது: தொழிற்கல்வி இல்லாதவர், குறுகிய பயிற்சி பெற்றவர், இரண்டு வருடச் சான்றிதழ் உள்ளவர், முழுத் தொழிற்பயிற்சி முடித்தவர் என்று. இவர் பெயர் முதற்படியில் இருந்தது. சட்டப்படி அதில் பிழையே இல்லை.

"தம்பி, அந்தக் குசினியில நான் செய்யாத வேலை எது? ஆனா கடதாசியில நான் இண்டைக்கும் கோப்பை கழுவுறவன்தான்" என்றார்.

கடதாசியை மாற்ற ஒரு வழி இருந்தது. சுவிஸ் இளையோரில் மூன்றில் இரண்டு பங்கினர் பதினைந்து பதினாறு வயதில் 'லேர' எனப்படும் தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில் வேலை, மிச்ச நாள் தொழிற்பாடசாலை, முடிவில் கூட்டாட்சித் தகுதிச் சான்றிதழ். சமையல் தொழிலுக்கு இது மூன்று வருடம். அந்த வயதைத் தாண்டியவர்களுக்கும் சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. 2004 முதல் நடைமுறையில் உள்ள தொழிற்கல்வி ஆணையின் 32ஆம் பிரிவின்படி, குறைந்தது 5 வருடத் தொழில் அனுபவம் உள்ளவர் லேர செய்யாமலேயே இறுதிப் பரீட்சைக்குத் தோற்றலாம். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் எழுதும் அதே பரீட்சை, அதே சான்றிதழ். எங்கே படித்தாய் என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. வேலை செய்த இடத்தையும் அது ஒரு பாடசாலையாக எண்ணுகிறது. கல்வி பற்றி இவ்வளவு மரியாதையோடு எழுதப்பட்ட சட்ட வரிகளை நான் அதிகம் கண்டதில்லை.

அவர் இந்தப் பரீட்சை எழுதப்போவதாகச் சொன்னபோது தமிழ்க் கடையில் நின்ற சிநேகிதர் ஒருவர், "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமோ?" என்றாராம். அவருக்கு ஐம்பது ஆக ஒரு வருடம்தான் இருந்தது. சொன்னவர் பகிடியாகச் சொல்லியிருக்கலாம். கேட்டவருக்கு இரண்டு இரவு நித்திரை இல்லை.

*

மூளை ஐம்பதில் வளையுமா என்ற கேள்விக்கு விடை தேடி நான் அதிக தூரம் போகத் தேவையிருக்கவில்லை. சூரிச் பல்கலைக்கழகத்தில் லுட்ஸ் யென்க்கவின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. 40 முதல் 60 வயதுக்குட்பட்ட, அதுவரை கோல்ஃப் மட்டையைத் தொடாத சிலரை எடுத்தார்கள். 40 மணி நேரம் கோல்ஃப் பழகச் சொன்னார்கள். ஆய்வுகூடத்தில் பூட்டி வைத்துப் பழக்கவில்லை. வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில், கிடைத்த வேகத்தில் அவர்கள் பழகினார்கள். முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. எடுத்து ஒப்பிட்டபோது, பார்வையையும் அசைவையும் இணைக்கும் பகுதிகளில் மூளையின் சாம்பல் நிறப் பொருள் கூடியிருந்தது. பழகாதவர்களின் மூளையில் அந்த மாற்றம் இல்லை.

புது நரம்புக்கலங்கள் முளைத்துவிட்டன என்று இதற்கு அர்த்தம் கொள்ளக்கூடாது. எம்.ஆர்.ஐ. படம் அதைக் காட்டாது. நரம்புக்கலங்களின் கிளைகள், அவற்றுக்கிடையேயான இணைப்புகள், அவற்றைத் தாங்கும் துணைக்கலங்கள், நுண் இரத்தக்குழாய்கள் என்று பலவும் சேர்ந்துதான் அந்தப் பருமன். எது எவ்வளவு கூடியது என்று படத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் நடுத்தர வயது மூளை உறைந்துபோன களிமண் என்ற எண்ணத்தை அந்த 40 மணி நேரம் உடைத்துவிட்டது.

அதே குழுவின் இன்னோர் ஆய்வு எனக்கு இதைவிடப் பிடிக்கும். 2012இல் வெளிவந்தது. வலது கையில் அடிபட்டு அசைக்க முடியாதபடி கட்டுப் போட்ட, வலது கைப் பழக்கமுள்ள பத்துப் பேரைத் தேர்ந்தார்கள். அடிபட்ட இரண்டு நாளுக்குள் ஒரு படம், சராசரியாக 16 நாள் கழித்து இன்னொரு படம். வலது கையை ஆட்டுவிக்கும் இடது பக்க மூளைப் பகுதியின் தடிப்புக் குறைந்திருந்தது. சாப்பாடு, பல் துலக்கல், கதவு திறத்தல் எல்லாம் இடது கைக்கு மாறியிருந்ததால் அதை ஆட்டுவிக்கும் வலது பக்கப் பகுதியின் தடிப்புக் கூடியிருந்தது. இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகமான காலத்தில். பாவிக்காத பாதையில் புல் முளைப்பதும் நடக்கும் பாதை தெளிவதும் இந்த வயதிலும் ஓயாமல் நடந்துகொண்டிருக்கின்றன.

கோல்ஃபும் கையும் சரி, மொழி? அதற்கும் சுவிஸ் மண்ணிலேயே, அதுவும் டொச் மொழியிலேயே, ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. பேர்ன் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்டைனும் கூட்டாளிகளும், ஆங்கிலம் பேசும் நாடுகளிலிருந்து வந்து சுவிஸில் தங்கி டொச் பழகிய பரிமாற்ற மாணவர் பத்துப் பேரின் மூளையை, வந்த புதிதிலும் சுமார் ஐந்து மாதம் கழித்தும் படமெடுத்தார்கள். இடது முன்மூளையில் மொழிக்குரிய பகுதியில் சாம்பல் நிறப் பொருள் கூடியிருந்தது. அது எல்லாருக்கும் ஒரே அளவில் கூடவில்லை. யார் கடைசியில் நன்றாகப் பேசினார் என்பதோடும் அது ஒத்துப்போகவில்லை. அந்த ஐந்து மாதத்தில் யார் எவ்வளவு தூரம் முன்னேறினார் என்பதோடு ஒத்துப்போனது. மூளை பதிந்து வைத்தது நடந்த தூரத்தை. இருந்த இடத்தை அல்ல.

இவர்கள் இளையோர்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம். வயது ஒன்றும் செய்யாது என்று சொன்னால் அது பொய். 2018இல் ஹார்ட்ஸ்ஹோர்ன், டெனன்பாம், பிங்கர் மூவரும் 670,000 பேரின் இணைய விடைகளை ஆராய்ந்து, இலக்கண நுணுக்கத்தைத் தாய்மொழிக்காரர் போல உறிஞ்சும் திறன் ஏறக்குறைய 17 வயதுவரை உயர்ந்து நின்று பிறகு சரிவதைக் காட்டினார்கள். உச்சரிப்பு அதற்கும் முன்பே இறுகத் தொடங்கிவிடும். ஆனால் கதையின் மறுபாதியும் உண்டு. 1978இல் ஸ்னோ, ஹூஃப்னாகல்-ஹூலெ என்ற இரு பெண் ஆய்வாளர்கள், ஒல்லாந்துக்கு வந்து டச்சு பழகிய, ஆங்கிலம் பேசும் குடும்பங்களைக் கவனித்தார்கள். முதல் மாதங்களில் சின்னப் பிள்ளைகளைவிடப் பதின்வயதினரும் பெரியவர்களுமே வேகமாகப் பழகினார்கள். பெரியவருக்கு ஏற்கனவே ஒரு மொழியின் எலும்புக்கூடு தெரியும். வினைச்சொல் என்றால் என்ன, காலம் என்றால் என்ன என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பிள்ளைகள் நீண்ட ஓட்டத்தில் முந்துவார்கள். ஒரு தொழிற் பரீட்சை நீண்ட ஓட்டமல்ல.

*

ஆகவே மூளை வளையும். ஆனால் அண்ணர் என்னிடம் கேட்டது அந்தக் கேள்வி அல்ல. அவர் கேட்டது இன்னும் கூர்மையானது: "இருபத்தைஞ்சு வருசம் இந்த நாட்டில இருக்கிறன். நாள் முழுக்க டொச் கேக்கிறன். பிறகு ஏன் எனக்கு டொச் வரேல்ல?"

இந்தக் கேள்வியில் எங்கள் முதல் தலைமுறையின் முழு வெட்கமும் இருக்கிறது. கடிதம் வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லும் தகப்பன், வைத்தியரிடம் மகளைக் கூட்டிப்போகும் தாய். தங்களுக்கு மூளை காணாது என்று அவர்களில் பலர் உண்மையிலேயே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பிழை. எங்கே பிழை என்று காட்டத்தான் இந்த அத்தியாயம்.

சமையலறையில் எத்தனை சொல் வேண்டும்? 'சூடு', 'கவனம்', 'பின்னால்', 'இரண்டு ஷ்னிட்சல்', 'தட்டு எங்கே', 'ரெடி'. இருநூறு சொல் இருந்தால் வேலை ஓடும். முதல் ஆறு மாதத்தில் அந்த இருநூறும் வந்துவிடும். அதற்குப் பிறகு இருநூற்று ஒன்றாவது சொல்லை யாரும் கேட்பதில்லை. வினைச்சொல்லைப் பிழையான இடத்தில் வைத்தாலும் சாஸ் நேரத்துக்குப் போகிறது. ஒருவரும் திருத்துவதில்லை. மொழியியலாளர் லாரி செலிங்கர் 1972இல் இதைப் 'புதைபடிவம் ஆதல்' என்று பெயரிட்டு விளக்கினார். இரண்டாம் மொழி ஒரு கட்டத்தில் கல்லாகி நின்றுவிடுகிறது. பேசுபவரின் தேவை அங்கே தீர்ந்துவிடுவது அதற்கு ஒரு பெரிய காரணம்.

இது கோப்பை கழுவுபவருக்கு மட்டும் நேர்வதல்ல. 2005இல் வெளியான ஒரு மருத்துவத் தொகுப்பாய்வு, வைத்தியர்களின் அனுபவ வருடங்களும் சிகிச்சைத் தரமும் எப்படித் தொடர்புபடுகின்றன என்று 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அனுபவம் கூடக் கூடத் தரம் உயரும் என்றுதானே எண்ணுவோம்? பாதிக்கும் மேற்பட்ட ஆய்வுகளில், அளந்த எல்லா விடயங்களிலும், வருடம் கூடக் கூடத் தரம் குறைந்திருந்தது. உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் வயலின் கலைஞர்கள், சதுரங்க வீரர்கள் என்று வாழ்நாள் முழுவதும் தேர்ச்சியை ஆராய்ந்தவர். அவர் கண்டதும் இதுதான்: ஒரு வேலை 'போதுமான அளவு' கைவந்ததும் மூளை அதைத் தன்னியக்கத்துக்கு மாற்றிவிடுகிறது. மாற்றிய பிறகு, எத்தனை வருடம் செய்தாலும் அது பயிற்சி ஆகாது. ஒரு வருட அனுபவம் இருபத்தைந்து முறை திரும்ப வரும், அவ்வளவுதான். முன்னேற வேண்டுமானால் தன்னியக்கத்தை யாராவது குலைக்க வேண்டும். பிழையைக் காட்ட வேண்டும். காட்டிய பிழையைத் திருத்திச் செய்ய இடம் கொடுக்க வேண்டும்.

சுவிஸில் ஒரு கூடுதல் முடிச்சும் இருக்கிறது. வகுப்பில் கற்பிப்பது எழுத்து டொச். சமையலறையில் கத்துவது சுவிஸ் டொச். இரண்டும் இரண்டு கரை. 1959இல் சார்ல்ஸ் ஃபெர்குசன் ஒரே சமூகத்தில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பிளந்து வாழும் நிலையை விளக்கிப் புகழ்பெற்ற கட்டுரை எழுதியபோது, அவர் விரித்துப் பேசிய நான்கு மொழிச் சூழல்களில் ஒன்று சுவிஸ் டொச். அதே கட்டுரையில் தமிழையும் அவர் பொருத்தமான எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டிருக்கிறார். மேடையில் ஒன்றும் முற்றத்தில் ஒன்றுமாகப் பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். இந்தப் பிளவு எங்களுக்குப் புதிதல்ல. அண்ணரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. "அப்ப அவையும் எங்களை மாதிரித்தான்" என்றார். அன்றிலிருந்து பரீட்சைக்கான வகுப்பில் கேட்ட சொல்லின் சமையலறை வடிவத்தைக் கொப்பியில் பக்கத்திலேயே எழுதத் தொடங்கினார்.

*

அவருக்குத் தெரியாதது டொச் மட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்து படித்த முதல் ஞாயிற்றுக்கிழமை பாடப்புத்தகத்தைத் திறந்தபோது வேறொன்று தெரிந்தது. தெரிந்ததே அவருக்குத் தெரியாது.

புத்தகத்தில் கரட்டின் படம் இருந்தது. இரண்டு மில்லிமீட்டர் அளவில் சின்னஞ்சிறு கட்டங்களாக வெட்டியது. கீழே 'ப்ரூனுவாஸ்'. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "உதைத்தானே இத்தனை வருசமா வெட்டுறன். அதுக்கு ஒரு பேர் இருக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியும்." குசினியில் அதைப் படத்தைப் போலவே இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டித்தான் கேட்பார்களாம்.

அடுத்த பக்கம் வெள்ளைச் சாஸ். வெண்ணெயில் மாவை வறுத்துப் பால் சேர்ப்பது. அவர் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். புத்தகம் ஒரு கேள்வி கேட்டது: மாவு கட்டி தட்டாமல் இருப்பது ஏன்? அவர் கை காற்றில் ஒரு சுற்றுச் சுற்றியது. அகப்பை பிடித்த கை. "இப்பிடிக் கிண்டினா வராது." ஏன் வராது? கை மறுபடி சுற்றியது. சொல் வரவில்லை.

விஞ்ஞானி மைக்கல் பொலானி இதைச் 'சொல்லாத அறிவு' என்று விளக்கியவர். மிதிவண்டி ஓட்டுபவருக்குச் சமநிலையின் இயற்பியல் தெரியாது, ஓட்டத் தெரியும். இந்த அறிவு குறைந்தது அல்ல. ஆனால் இதற்கு ஒரு எல்லை உண்டு: பழகிய சட்டியும் பழகிய அடுப்பும் மாறினால் அது தடுமாறும், இன்னொருவருக்குக் கைமாற்றவும் கடினம். பரீட்சை கேட்பது அதைச் சொல்லாக்கும்படி.

நான் அவரிடம் ஒடியற் கூழைப் பற்றிக் கேட்டேன். அம்மா ஒடியல் மாவைக் கொதிக்கிற பானையில் நேரே கொட்டுவாவோ? "சேச்சே, தண்ணியில கரைச்செல்லோ விடுவா." ஏன்? அங்கிருந்து நாங்கள் இருவரும் மெல்ல நடந்தோம். மாப்பொருளின் துகள்கள் சூடான நீரைக் குடித்து ஊதிப் பசையாகும். கோதுமை மாவில் இது ஏறக்குறைய 60 பாகையில் தொடங்குகிறது. உலர்ந்த மாவு கொதிநீரில் விழுந்தால் வெளிப்பக்கம் உடனே பசையாகி ஒரு தோல் போர்த்துக்கொள்ளும். உள்ளே தண்ணீர் போகாது. அதுதான் கட்டி. அம்மா துகள்களைக் குளிர்ந்த நீரால் முதலில் பிரித்தா. பிரெஞ்சுச் சமையல்காரன் வெண்ணெயால் பிரிக்கிறான். ஒவ்வொரு துகளையும் கொழுப்புச் சுற்றிக்கொண்டால் ஒன்றோடொன்று ஒட்டாது, பிறகு பாலில் தனித்தனியே ஊதும். அண்ணர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அந்த விடையை டொச்சில் எழுதினார், ஐந்து வரி. மூன்று எழுத்துப் பிழை. புதிதாகப் படித்த பாடமாக அது அவருக்குப் படவில்லை. கைக்கு எப்போதோ தெரிந்ததை வாய்க்குச் சொல்லிக் கொடுத்தார். வளர்ந்தவர்கள் கற்கும்போது அதிகமாக நடப்பது இதுதான். அவர்களை வெறும் பலகையாக எண்ணித் தொடங்குகிற ஆசிரியர் அவர்களிடமுள்ள மிகப்பெரிய முதலீட்டை வீணாக்குகிறார்.

*

முதல் மூன்று மாதம் அவர் படித்த முறை எங்களில் முக்கால்வாசிப் பேர் படிக்கும் முறை. ட்சிம்மர்ஷ்டுண்டவில் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது, மஞ்சள் பேனையால் கோடு போடுவது, லீவு நாளில் ஆறு மணி நேரம் ஒரே இருப்பில் இருப்பது. வாசிக்கும்போது எல்லாம் விளங்கும். வியாழக்கிழமை வகுப்பில் ஆசிரியர் கேட்டால் ஒன்றும் வராது.

ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இல் தன்னையே எலியாக வைத்து இதை அளந்தார். அர்த்தமற்ற அசைகளை மனனம் செய்து, வெவ்வேறு இடைவெளியில் மறுபடி கற்றுப் பார்த்தார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் கரைந்திருந்தது. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்குதான் எஞ்சியது. பிறகு கரைவது மெதுவாகிறது. நினைவு ஓட்டைப் பானை, ஆனால் ஓட்டை எங்கே என்று அவர் காட்டிவிட்டார்: முதல் நாளில்.

அந்த ஓட்டையை அடைப்பது எது? 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு முறையும் வாசித்தது. இன்னொரு குழு ஒரே முறை வாசித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் வாசித்தவர்கள் முன்னே: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கணக்குத் தலைகீழானது. வாசித்தவர்களிடம் எஞ்சியது 40 சதவீதம், மூடி எழுதியவர்களிடம் 61. தேடி எடுக்கிற ஒவ்வொரு முறையும் தேடும் பாதை உறுதியாகிறது. வாசிப்பதில் அந்தத் தேடலே இல்லை.

இடைவெளி பற்றியதற்கு ஒரு வேலையிட ஆய்வே இருக்கிறது. 1970களில் பிரிட்டிஷ் தபால் துறை தன் ஊழியர்களுக்கு விசைப்பலகை பழக்க வேண்டியிருந்தது. ஆலன் பேட்லியும் லோங்மனும் அவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும். இன்னொரு குழுவுக்கு இரண்டு மணி நேரமாக இரு தடவை, மொத்தம் நான்கு. மணிக்கணக்கில் பார்த்தால் நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்களே மிகக் குறைந்த மொத்த நேரத்தில் கற்றார்கள். ஆனால் பயிற்சியைப் பற்றி மிகவும் அதிருப்தியாக இருந்தவர்களும் அவர்களே. நாட்கள் இழுபடுவதால் தாங்கள் மெதுவாகக் கற்பதாக அவர்களுக்குத் தோன்றியது. எது நன்றாகக் கற்பிக்கிறது என்பதற்குக் கற்பவரின் உணர்வு நல்ல சாட்சி அல்ல. ஒரே நாளில் ஊழியர்களைக் கூட்டி வைத்து எட்டு மணி நேரம் படம் காட்டி, முடிவில் 'திருப்தியா' என்று படிவம் நீட்டும் பயிற்சிகள் இன்றும் உலகெங்கும் நடக்கின்றன. எல்லாரும் 'மிகத் திருப்தி' என்று குறிப்பார்கள். எபிங்ஹவுஸின் பானை மறுநாளே ஒழுகத் தொடங்கிவிடும்.

அண்ணரின் மகள் அட்டைகள் வெட்டிக் கொடுத்தாள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. ட்சிம்மர்ஷ்டுண்டவில் பதினைந்து நிமிடம், பேருந்தில் பத்து நிமிடம். சரியாகச் சொன்ன அட்டை மூன்று நாள் கழித்து வரும், பிழைத்த அட்டை நாளைக்கே வரும். "வாசிக்கேக்க எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்தது, இப்ப ஒண்டும் தெரியாத மாதிரி இருக்கு" என்று முதல் வாரம் குறைப்பட்டார். அந்தக் குறைபாடுதான் வேலை செய்வதற்கான அடையாளம் என்று நம்ப வைக்க எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

நித்திரையையும் அவர் வெட்டத் தொடங்கியிருந்தார். இரவு பதினொன்றரைக்கு வீடு வந்து ஒரு மணிவரை புத்தகம். அதை நிறுத்தச் சொன்னேன். தோமஸ் ஷ்ரைனரும், இப்போது ஃப்ரிபூர்க் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ப்யோர்ன் ராஷும் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. டொச் பேசும் மாணவர்கள் இரவு பத்து மணிக்கு டச்சுச் சொற்களைக் கற்றார்கள். ஒரு பகுதியினர் தூங்கினார்கள். தூங்கும்போது சில சொற்கள் மட்டும் மிக மெல்லிய ஒலியில் ஒலிபரப்பப்பட்டன. அதிகாலை இரண்டு மணிக்கு எழுப்பிக் கேட்டால், ஒலிபரப்பிய சொற்களே நன்றாக நினைவில் நின்றன. விழித்திருந்தவர்களுக்கு அதே ஒலி பயன்படவில்லை. தூங்கும் மூளை பகலில் கற்றதை மறுபடி ஓட்டிப் பார்த்துப் பதிக்கிறது. பாடத்துக்குப் பிறகு வரும் தூக்கம் பாடத்தின் மிச்சப் பாதி. கற்காத சொல் தூக்கத்தில் வந்து சேராது. ஆனால் கற்ற சொல்லைத் தூக்கத்தைத் திருடிக் காப்பாற்றவும் முடியாது.

*

இங்கே விஞ்ஞானத்தை விட்டு ஒரு வார்த்தை. மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு மூலப்பொருள் வேண்டும்: நேரம். சுவிஸின் தொடர்கல்விச் சட்டம் 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது தொடர்கல்வியின் பொறுப்பை முதலில் அவரவர் தோளில் வைக்கிறது. வேலை கொடுப்போர் அதற்கு ஆதரவளிக்க வேண்டும் என்கிறது. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று அது யாருக்கும் உறுதி தருவதில்லை. ஏற்கனவே படித்தவருக்கு அலுவலகம் வகுப்புக்கு நேரம் ஒதுக்கும். மாலை வேலை செய்பவருக்கோ மாலை வகுப்பு இருந்தும் இல்லாததுதான். முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் எங்கள் பெண்களைப் பாருங்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் பராமரிப்பு உதவியாளர் பயிற்சியில் வகுப்பு மட்டும் 120 மணி நேரம். அதன் மேல் நடைமுறைப் பயிற்சி. வீட்டில் சமைத்து, பிள்ளையைத் தமிழ்ப் பாடசாலைக்குக் கூட்டிப்போய், இரவு வேலைக்கும் போய் அதை முடித்தவர்கள் பலர். படுக்கைப்புண் எப்படி வருகிறது என்று மூன்றாம் மொழியில் விளக்கக்கூடிய அந்த அக்காமாரை 'படிக்காதவை' என்று யாரும் சொல்லக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

நல்ல மாற்றமும் உண்டு. 2018 முதல் கூட்டாட்சி அரசு, வாசிப்பு, எழுத்து, கணக்கு, கணினி, உள்ளூர் மொழி ஆகியவற்றை வேலையிடத்துக்கே கொண்டுவரும் வகுப்புகளுக்கு நிதி உதவுகிறது. உணவகத் துறையின் கூட்டு ஒப்பந்தமும் பயிற்சிகளுக்குப் பணம் தருகிறது. வேலையிடத்தில், வேலை நேரத்தில், அந்த வேலையின் சொற்களையே வைத்து நடக்கும் வகுப்பு மொழியைக் கல்லாக விடாது. காலையில் கற்ற வாக்கியத்தை மதியம் சட்டியருகே பாவித்து, பிழைத்து, திருத்திக்கொள்ளலாம். அடுத்த நாள் மறுபடி. பேட்லியும் ரோடிகரும் கேட்டதெல்லாம் அதில் இருக்கிறது.

அண்ணர் 2018 கோடையில் பரீட்சை எழுதினார். செய்முறையில் மிக நல்ல புள்ளி, தொழில் அறிவில் நடுத்தரம், பொதுக் கல்வியில் மயிரிழையில் தப்பினார். சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இடம் மாறியது.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு கொப்பி வாங்கினார். லேர பழகும் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக நிற்பதானால் அதற்கும் ஒரு பயிற்சி வேண்டும்: 40 மணி நேரம். கோல்ஃப் பழகியவர்களுக்குக் கொடுத்த அதே 40 என்று நான் சொன்னபோது, "எனக்கு மட்டை வேண்டாம், அகப்பை காணும்" என்றார். அந்தப் பயிற்சிக் காலத்தில்தான் அவரிடம் மனு கபூரைப் பற்றிப் பேசினேன். சிங்கப்பூரில் ஆசிரியராக இருந்தவர், இப்போது சூரிச்சின் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் கற்றல் அறிவியல் பேராசிரியர். அவருடைய ஆய்வுகள் பெரும்பாலும் பள்ளிக் கணக்கு வகுப்புகளில் நடந்தவை. முதலில் விளக்கிவிட்டுப் பிறகு கணக்குக் கொடுப்பதைவிட, முதலில் கணக்கைக் கொடுத்துத் தடுமாறவிட்டுப் பிறகு விளக்கினால் பிள்ளைகள் கருத்தை ஆழமாகப் பிடிக்கிறார்கள் என்று காட்டியவர். தடுமாறிய மூளைக்குத் தன் அறிவில் எங்கே பள்ளம் என்று தெரிந்திருக்கும். விளக்கம் வந்து அந்தப் பள்ளத்தில் சரியாக விழும். "அப்ப நான் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?" என்று கேட்டார் அண்ணர். அது அவருக்கு எல்லாவற்றிலும் கடினமான பாடம். அவருடைய கை சும்மா நிற்காது.

ஒருமுறை மதிய வேளைக்கு முன் அந்தச் சமையலறைக்குப் போயிருந்தேன். பதினாறு வயதுப் பையன், லேரயின் முதல் மாதம். கொதிக்கிற பாலில் மாவை நேரே கொட்டினான். அண்ணர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன. பால் முழுக்கக் கட்டி. பையன் நிமிர்ந்து பார்த்தான், முகம் சிவந்துபோய்.

அண்ணர் ஒரு கட்டியைக் கரண்டியால் எடுத்துத் தட்டில் வைத்து, கத்தியால் இரண்டாகப் பிளந்து காட்டினார். உள்ளே வெள்ளை மாவு, உலர்ந்தபடியே இருந்தது. "வரும்?" என்று கேட்டார். சுவிஸ் டொச்சில் அதற்கு 'ஏன்' என்று அர்த்தம்.